விதைநெல்லும் சட்டமும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சென்ற சம்பாவில் ஒரு தனியார் நிறுவனத்தின் நெல் விதையை வாங்கி நட்டேன். நல்ல விளைச்சல். இரண்டு மூட்டையை விதைநெல்லுக்கென்று தனியே காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து வயல்காரர்களும் கேட்கிறார்கள். ஆனால் விதைக்கடைக்காரரோ, "அது பதிவு செய்த ரகம், மறுபடி விதைத்தாலும் விற்றாலும் கம்பெனி வழக்குப் போடும்" என்கிறார். உண்மையா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தாராளமாக விதைக்கலாம், பக்கத்து வயல்காரருக்கு விற்கவும் செய்யலாம். கடைக்காரர் சொல்வதில் உண்மை ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தியாவில் விதைக்கோ பயிர் ரகத்துக்கோ காப்புரிமை தர இயலாது என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு சொல்கிறது. ஆனால் பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை வழியாகவோ தனிச் சட்டம் வழியாகவோ ஏதேனும் ஒரு பாதுகாப்பை உறுப்பு நாடுகள் அளித்தாக வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனை என்பதால், நாம் தனிச் சட்டத்தைத் தேர்ந்து, பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தை 2001-இல் இயற்றினோம். இதன்படி ஒரு நிறுவனம் தன் நெல் ரகத்தைப் பதிவு செய்துகொண்டால், அதன் விதையை உற்பத்தி செய்து விற்கும் தனியுரிமை அதிகபட்சம் 15 ஆண்டுகளுக்கு அதனிடம் இருக்கும். அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவோ, பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும் அதன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மறுபடி விதைக்கவும், கைமாற்றவும், பகிரவும், விற்கவும், சட்டம் வருவதற்கு முன்பு இருந்த அதே முறையில் விவசாயிக்கு உரிமை உண்டு என்று எழுதி வைத்திருக்கிறது. விற்கும் உரிமையையும் சேர்த்து இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் சட்டங்கள் உலகில் அரிது.

கடைக்காரர் சொன்னதில் உள்ள உண்மை, 'பிராண்டட்' விதையை விவசாயி விற்கக் கூடாது என்ற விலக்குதான். அதாவது, பதிவு பெற்ற அந்த ரகம் என்று காட்டும்படி பையிலோ சிப்பத்திலோ அடைத்து லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. சாதாரணச் சாக்கில் கட்டி, உங்கள் களத்திலேயே அளந்து கொடுப்பதற்குத் தடையில்லை. விதைத் தரத்தைக் கண்காணிக்கும் 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டமும்கூட, தானே விளைவித்த விதையைத் தன் இடத்தில் வைத்து, விதைப்பதற்காக வாங்கும் ஒருவருக்கு நேரடியாகக் கொடுப்பவரை 24-ஆம் பிரிவில் விட்டுவிடுகிறது. கடை போட்டு விற்பது வேறு கதை; அதற்கு உரிமம் வேண்டும்.

ஆனால் விதை வாங்கிய பையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் 'வீரிய ஒட்டு' என்றோ 'ஹைபிரிட்' என்றோ அச்சிட்டிருந்தால் உங்களைத் தடுப்பது சட்டமல்ல, பயிரின் இயல்பு. ஒட்டு விதையின் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். ஒரே வயலில் சில தூர் நெட்டையாகவும் சில குட்டையாகவும் நிற்கும், கதிர் ஒன்றாக வராது, அறுப்புக்கு நாள் குறிக்க முடியாது. அத்தகைய நெல்லைப் பக்கத்து வயல்காரருக்கு விதையென்று கொடுத்தால் கம்பெனி வருவதற்கு முன் அவரே சண்டைக்கு வந்துவிடுவார். சாதாரண ரகமென்றால் கலவன்களை (ஊடே முளைத்த வேறு ரகச் செடிகளை) பூக்கும் பருவத்திலேயே பிடுங்கிவிட்டு, ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டாமல் காயவைத்தால் போதும்.

கேள்வி: அப்படியானால் குஜராத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ எப்படி வழக்குப் போட்டது?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: சிப்ஸ் தயாரிப்புக்கான எஃப்.எல். 2027 என்ற ரகத்தை அந்நிறுவனம் 2016-இல் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்திருந்தது. அதை அனுமதியின்றிப் பயிரிட்டதாகச் சொல்லி 2019-இல் நான்கு விவசாயிகளிடம் ஆளுக்கு 1.05 கோடி ரூபாய் கேட்டு அகமதாபாத் நீதிமன்றம் சென்றது. 39-ஆம் பிரிவை விவசாயச் சங்கங்கள் கையிலெடுத்தன, எதிர்ப்பு வலுத்தது, அடுத்த மாதமே வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. சட்டம் தெளிவாக இருந்தும் சில ஏக்கர் கிழங்கு போட்டவர் கோடி ரூபாய் நோட்டீஸைக் கையில் வாங்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பதிவை ரத்து செய்யக் கோரிய தனி மனுவின்பேரில் 2021 டிசம்பரில் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் அதை ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பெப்சிகோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பதிவு நிலைத்தாலும் 39-ஆம் பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: பி.டி. பருத்தி விதையை மட்டும் ஏன் ஆண்டுதோறும் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது? அமெரிக்காவிலும் இப்படித்தானா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: 2002-இல் அனுமதி பெற்றது முதல் நம் நாட்டில் பி.டி. பருத்தி (காய்ப்புழுவை எதிர்க்கும் மரபணு செலுத்திய பருத்தி) பெரும்பாலும் ஒட்டு விதையாகவே விற்கப்படுகிறது என்பதே முதன்மைக் காரணம். செடிக்குக் காப்புரிமை இல்லையென்றாலும் செடிக்குள் செலுத்திய மரபணுவுக்கு உண்டா என்பது அமெரிக்காவின் மான்சான்டோ, இந்தியாவின் நுஜிவீடு ஆகிய விதை நிறுவனங்களுக்கிடையே பெரிய வழக்காயிற்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முழு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. பின்னர் இருவரும் சமரசமாகிவிட்டதால் கேள்வி அப்படியே நிற்கிறது.

அமெரிக்காவில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. இண்டியானா மாநில விவசாயி வெர்னான் போமன், தானியக் கிடங்கில் சாதாரண விலைக்கு வாங்கிய சோயாவை விதைத்து, களைக்கொல்லி அடித்து, அதில் பிழைத்த, அதாவது மான்சான்டோ காப்புரிமை பெற்ற களைக்கொல்லி தாங்கும் மரபணு கொண்ட செடிகளின் விதையை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எடுத்து வைத்தார். தானியத்தைத் தின்னலாம், மாட்டுக்குப் போடலாம், விற்கலாம், ஆனால் விதைத்துப் பெருக்கினால் காப்புரிமையை மீறியதாகும் என்று 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அவர் கட்ட வேண்டியிருந்த தொகை 84,456 டாலர்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் பாட்டனார் காலத்திலிருந்து வரும் நெல்லை வேறு யாராவது தங்கள் பெயரில் பதிவு செய்துவிட்டால்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நீங்களே 'விவசாயி ரகம்' என்று பதிவு செய்துவிடுங்கள். விவசாயிகளுக்குக் கட்டணமில்லை; இச்சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றம் வரை போனாலும் இல்லை. விண்ணப்பத்தில் பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ மாவட்ட வேளாண் அலுவலரோ சான்றொப்பம் இட வேண்டும். கதிர் முற்றிய நிலையில் புகைப்படம், வயது, உயரம், மணியின் நிறம் ஆகியவற்றை இந்தப் பட்டத்திலேயே குறித்து வைத்துக்கொண்டால் படிவத்தை நிரப்புவது எளிது.