லாரிப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2018இல் வாங்கிய பி.எஸ்.4 (வாகனப் புகை விதியின் நான்காம் கட்டம்) டிப்பர் இருக்கிறது. கிரஷரிலிருந்து எம்-சாண்ட் ஏற்றுகிறோம். சில மாதங்களாக ஏற்றத்தில் இழுவை இல்லை, கரும்புகை கக்குகிறது, மைலேஜும் விழுந்துவிட்டது. புகையை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைத்து, கணினியில் அதை மறைத்து, சைலன்சருக்குள் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிஸ்ட்டைக் குடைந்து எடுத்து, ஏர் ஃபில்டர் பெட்டியில் ஓட்டை போட்டால் வண்டி புதிதுபோல் ஓடும் என்கிறார்கள். செய்யலாமா?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: செய்யாதீர்கள். கரும்புகை வருகிறது என்றால் உள்ளே போகும் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று பொருள். அந்தக் காற்று எங்கே நிற்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் கத்தியை எடுப்பவரிடம் வண்டியை விடக் கூடாது.

ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். கிரஷர் வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. பெட்டியில் உள்ள அடைப்புக் காட்டி சிவப்புக்கு வந்துவிட்டதா என்பதுதான் கணக்கு. கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்துச் சுத்தம் செய்கிறார்கள். காகிதம் கிழிந்துபோகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. ஃபில்டருக்குள் ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள், ஒளிப் புள்ளி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். பெட்டியில் ஓட்டை போடும் யோசனை எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. கல் தூள் என்பது அரைக்கும் பொருள். அது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் இறக்கைகளைத் தேய்த்து, சிலிண்டர் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தின்றுவிடும். பிறகு ஆயில் குடிக்கிறது என்று எஞ்சினைப் பிரிக்க வருவீர்கள்.

அடுத்து, டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள். என் பட்டறைக்கு இழுவை இல்லை என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நோய். கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸின் அடிப்பக்கம் வெடித்திருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையை அடியில் விட்டுத் தடவினால் ஆயில் பிசுக்கும் தூசியும் ஒட்டும். இரு முனையையும் அடைத்து, டர்போ தரும் அழுத்தத்தைத் தாண்டாமல் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் பூசினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். இன்டர்கூலரின் முகத்தில் படிந்த மண்ணையும் கழுவுங்கள். பிறகு டர்போ தண்டின் ஆட்டத்தைப் பாருங்கள்.

இவ்வளவும் சரி என்றால்தான் இ.ஜி.ஆர். பக்கம் போக வேண்டும். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விட்டு, எரியும் வெப்பத்தைக் குறைப்பது அதன் வேலை. வெப்பம் குறைந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற நச்சு வாயு குறையும். கரி படிந்து வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், காற்று இருக்க வேண்டிய இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். இழுவை போகும், கரும்புகை வரும். தகடு வைத்த மறுநாளே வண்டி இழுத்தது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சிக்கிய வால்வை அடைத்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் வால்வைக் கழற்றிக் கழுவினாலும், முடியாவிட்டால் மாற்றினாலும் அதே இழுவை திரும்பும். நல்ல வால்வாக இருந்தால், முழுச் சுமையில் ஏறும்போது கணினியே அதைப் பெரும்பாலும் மூடிவிடுகிறது; தகட்டால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. கூலண்ட் சொட்டாமலே குறைந்து வெண்புகையும் வந்தால் இ.ஜி.ஆர். கூலர் ஓட்டையாகியிருக்கலாம். அந்த ஓட்டையைத் தகடு அடைக்காது.

கேட்டலிஸ்ட்டும் அப்படித்தான். அடைத்திருந்தால், அடைக்க வைத்த கரியும் ஆயிலும் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தகடு வைத்த வண்டிக்கும் மாசுச் சான்றிதழ் கிடைத்துவிடும். அந்தச் சோதனை புகையின் கருமையை மட்டும் அளக்கிறது; நைட்ரஜன் ஆக்ஸைடு கண்ணுக்கும் தெரியாது, அந்தக் கருவிக்கும் தெரியாது. பி.எஸ்.3இல் ஒரு கிலோவாட் மணிக்கு 5 கிராம் என்றிருந்த அதன் வரம்பை பி.எஸ்.4 3.5 கிராமாகக் குறைத்ததே இ.ஜி.ஆர். போன்ற ஏற்பாடுகளை நம்பித்தான். வெயிலில் அது ஓசோன் உருவாக வழிசெய்து ஆஸ்துமாக்காரர்களின் மூச்சைப் பிடிக்கும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அதை முதலில் சுவாசிப்பவர்கள் நம் ஓட்டுநர்களும், பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையன்களும்தான்.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கேள்வி: 2012 மாடல், பழைய பி.எஸ்.3 லாரி. தொப்பூர் ஏற்றத்தில் திணறுகிறது. பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்துக்கொள்ளலாமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: காற்று கூடாமல் டீசலைக் கூட்டினால் கூடுவது புகையும் வெப்பமும்தான். நீண்ட ஏற்றத்தில் அந்த வெப்பம் பிஸ்டன் தலையையும் டர்போவையும் பதம் பார்க்கும். பம்ப்பையும் நாசில்களையும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, கம்பெனி அளவுக்குச் சரிசெய்யுங்கள். வால்வு இடைவெளியையும் பாருங்கள். உங்கள் வண்டி வந்த காலத்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருந்தது. 2020 ஏப்ரல் முதல் 10 பங்குதான். பழைய எஞ்சினுக்கு இந்த நல்ல டீசல் ஏற்கெனவே கிடைக்கிறது. அதைக் கூட்டி ஊற்றி வீணாக்க வேண்டாம்.

கேள்வி: நான் ஓட்டும் பி.எஸ்.4 லாரியில், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்க ஊற்றும் யூரியா கரைசல் தேவையில்லாதபடி ஒரு சின்னப் பெட்டியை முதலாளி பொருத்திவிட்டார். பிடித்தால் யாருக்குத் தண்டனை?
– ஓட்டுநர், வேலூர்

பதில்: தம்பி, உனக்கும் உண்டு. 190ஆம் பிரிவு, மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டுபவரையும் ஓட்டவிடுபவரையும் ஒன்றாகவே பிடிக்கிறது. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்துக்குத் தகுதியிழப்பு. முதலாளி வேறொருவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிடுவார். அந்த மூன்று மாதம் உன் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசி. பெட்டியைக் கழற்றச் சொல்லி, அதை எழுத்தில் அனுப்பி வை. வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும், அழிக்காதே. யூரியா செலவுதான் அவருக்கு உறுத்தல் என்றால், 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 4, 5 லிட்டர் கரைசல்தான் ஆகும் என்று கணக்குக் காட்டு. உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற மட்டும் சம்மதிக்காதே. அதன் அசுத்தம் நாசிலையும் கேட்டலிஸ்ட்டையும் அடைத்துவிடும், பழி உன் தலையில் விழும். 32.5 சதவீதக் கரைசலைச் சீல் உடையாத கேனில் வாங்கி, பில்லை டிரிப் ஷீட்டோடு சேர்த்துக் கொடு.