கண்ணாடி வெட்டிப் பிழைக்க முடியுமா? குன்னூர் அம்மா ஒருவருக்குப் பதில்

பிளஸ் டூ படிக்கும் மகள் ஸ்டெய்ண்ட் கிளாஸும் (கலர் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துச் செய்யும் ஜன்னல் சித்திரம்), மொசைக்கும் (டைல், கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிச் செய்வது) தான் என் தொழில் என்று பிடிவாதமாக நிற்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம். ஆனால் முதல் சில வருடங்கள் அது மட்டுமே சோறு போடும் என்று நம்பவும் வேண்டாம். டிகிரி ஒருபக்கம், கைத்தொழில் ஒருபக்கம் என்று போகட்டும். அதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க அவள் கண்ணாடி வெட்டிப் பார்க்கட்டும்.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன் சர்ச் ஜன்னலில் குழந்தை இயேசுவை ஏந்திய மாதாவைப் பார்த்து வந்த ஆசை என்கிறீர்கள். அப்படிப்பட்ட ஜன்னல்களில் முகமும் துணி மடிப்பும் வெட்டிச் சேர்த்தவை அல்ல. உலோக ஆக்சைடையும் கண்ணாடிப் பொடியையும் குழைத்துத் தீட்டி, 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டெடுத்தவை. அது பிறகு. வீட்டில் தொடங்க ஏற்றது காப்பர் ஃபாயில் முறை: துண்டுகளின் விளிம்பில் செப்பு டேப் சுற்றி, சால்டர் (வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று) உருக்கி வைத்து ஒட்டுவது.

பிரேம் போடும் கடையில் கழித்துப்போட்ட 3 மி.மீ. கண்ணாடித் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கலர் கண்ணாடி இப்போது வேண்டாம். ஒரு ஆயில் கட்டர் (எண்ணெய் ஊறும் சின்னச் சக்கரத்தால் கண்ணாடியைக் கீறுவது), ஒரு ரன்னிங் பிளையர் (கீறல் வழியே உடைக்கும் இடுக்கி), கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போதும். கீறல் ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பில் முடிய வேண்டும், ஒரே இழுப்பில், சீரான 'சர்ர்' சத்தத்தோடு. போட்ட கீறல் மேலேயே மறுபடி இழுத்தால் உடைப்பு வழி மாறும், கட்டர் சக்கரமும் போய்விடும். உள்பக்கம் ஆழமாக வளைந்த துண்டை ஒரே கீறலில் எடுக்க முடியாது. பிறை பிறையாக நாலைந்து தடவை கடித்தெடுக்க வேண்டும். எல் வடிவத் துண்டு கையில் உடையாவிட்டாலும் உள்மூலையில் பிறகு விரியும். ஓவியம் நன்றாக வரும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். பேப்பரில் அழகாக இருந்த இலையைக் கண்ணாடிக்கு ஏற்றபடி மாற்றி வரையப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் மலைக்குச் சில தனித் தொல்லைகள் உண்டு. ஜனவரிக் காலையில் ஜில்லென்று இருக்கும் கண்ணாடி மேல் சால்டரிங் அயர்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் பட்டென்று விரியும். அறை சூடான பிறகு தொடங்கவும். ஈரக்காற்றில் செப்பு டேப் கறுத்துவிடும், கறுத்த செம்பில் சால்டர் பிடிக்காது. சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைக்கவும். ஃப்ளக்ஸை (சால்டர் பிடிப்பதற்காகச் செம்பில் தடவுவது) அன்று மாலையே கழுவாவிட்டால் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு சால்டர் வைப்பதுதான் பெரிய தப்பு. ஃப்ளக்ஸ் புகையை வெளியே தள்ள ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். 60/40 சால்டரில் 40 பங்கு ஈயம். அது பெரும்பாலும் கைவழியாகத்தான் வாய்க்குப் போகிறது. சமையலறை மேஜையில் ஒருநாளும் செய்ய விடாதீர்கள்.

மொசைக் இதைவிடச் சுலபம் என்று நினைப்பார்கள். வெள்ளைப் பசையில் ஒட்டிய பூந்தொட்டி ஒரு ஜூலை மழையோடு உதிர்ந்துவிடும். வெளியே வைப்பதற்குப் பாலிமர் கலந்த டைல் அட்ஹெசிவ் (ஒட்டும் கலவை), அடிப்பலகையாக சிமெண்ட் போர்டு வேண்டும். கிரௌட் (டைல் இடுக்குகளை அடைக்கும் கலவை) போட 24 மணி நேரம் என்று பையில் இருந்தால், ஊட்டிக் குளிரில் இரண்டு நாள் விடவும். நீர் உறிஞ்சும் சுவர் டைல் உறைபனியில் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். நீரை அதிகம் உறிஞ்சாத விட்ரிஃபைடு டைலும் கண்ணாடியும் தாங்கும்.

படிப்புக்கு வருவோம். ஸ்டெய்ண்ட் கிளாஸுக்கென்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் நான்கு வருட பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலைப் பட்டம்) இருக்கிறது, சென்னையில் செராமிக் பிரிவும் உண்டு. அகமதாபாத் என்.ஐ.டி.யில் செராமிக் அண்ட் கிளாஸ் டிசைன். (இது தேசிய வடிவமைப்பு நிறுவனம். தமிழில் எழுதினால் திருச்சி என்.ஐ.டி.யும் இதுவும் ஒன்றுபோல் இருப்பதால் குழம்புகிறவர்கள் உண்டு.) அதன் நுழைவுத் தேர்வு பொதுத்தேர்வுக்கு முன்பே வந்துவிடும், இப்போதே தேதி பாருங்கள்.

வருமானம்? ரிசார்ட், ஹோம்ஸ்டே, பழைய பங்களா வைத்திருப்பவர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். சதுர அடிக் கணக்கில் மட்டும் விலை சொன்னால் நஷ்டம். இரண்டு சதுர அடிக்குள் 60 துண்டு இருக்கிறது என்றால், வெட்டித் தேய்த்து டேப் சுற்றி ஒட்டத் துண்டுக்கு 15 நிமிடம் வைத்தாலே 15 மணி நேரம். துண்டுகளை எண்ணி விலை போடப் பழகட்டும். சர்ச் ஜன்னல் ரிப்பேர் என்று யாராவது கூப்பிட்டால் இப்போதைக்கு மறுத்துவிடலாம். கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் பழைய ஈயப்பட்டியைப் பிரிப்பது தேர்ந்தவர் பக்கத்தில் நின்று கற்க வேண்டியது.

மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பும் பேனலை ஒருபோதும் படுக்க வைக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவுக் குலுக்கலில் நடுவில் விரிசல் விடும். இருபக்கமும் தெர்மாகோல், பிளைவுட் வைத்துக் கட்டி, செங்குத்தாக நிறுத்தி அனுப்புங்கள்.