பிளாக்கின் எலக்ட்ரானும் செம்புக் கம்பியும்

அன்புள்ள ஐயா,

ஒழுங்கான படிகத்துக்குள் எலக்ட்ரான் அலையாகப் பரவும் என்கிற, இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் பிளாக்கின் தேற்றத்தைக் கணக்காகப் போட வருகிறது, மனதில் படமாக வரவில்லை. செம்புக்குள் அயனிகள் (எலக்ட்ரானை விட்டுக்கொடுத்த அணுக்கள்) நெருக்கியடித்துக் கிடக்க, எலக்ட்ரான் முட்டாமல் எப்படிப் போகிறது? முட்டவில்லை என்றால் மின்தடை ஏது? மாறாத மின்புலத்தில் எலக்ட்ரான் ஊசலாட வேண்டும் என்றும் அதே கோட்பாடு சொல்கிறது. பேட்டரியில் இணைத்த கம்பியில் அதை ஏன் காண்பதில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

1928இல் லைப்சிக்கில் ஹைசன்பர்க்கிடம் ஆய்வு செய்த பிளாக்குக்கும் முதல் கேள்வி இதுதான். அப்போது அவருக்கு வயது 22. இயற்பியலாளர் ட்ரூட் 1900இல் தந்த படத்தில் எலக்ட்ரான் அயனிகளில் முட்டி முட்டிப் போகும். செம்பில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 0.256 நானோமீட்டர்; அறை வெப்பநிலையில் சராசரி மோதலிடைத் தூரமோ சுமார் 40 நானோமீட்டர். நூற்றைம்பது அணுக்களைத் தாண்டித்தான் ஒரு மோதல்!

எலக்ட்ரானை அலையாக எடுத்துக்கொண்டால் சிக்கல் அவிழும். ஒவ்வோர் அயனியும் அலையைச் சற்றே சிதறடிக்கிறது. அயனிகள் சீரான ஒழுங்கில் நிற்பதால் அச்சிதறல்கள் இயைந்து, முன்னேறும் அலையாகவே மறுபடி சேர்கின்றன. தள அலையை (ஒரே திசையில் சீராகப் போகும் அலை), அணிக்கோவையின், அதாவது அயனிகளின் சீரான வரிசையமைப்பின், ஒழுங்கிலேயே திரும்பத் திரும்ப வரும் ஒரு சார்பால் பெருக்கினால் கிடைப்பதே பிளாக் அலை. (அந்த அலையைக் குறிக்கும் படிக உந்தம் என்ற அளவை எலக்ட்ரானின் உண்மையான உந்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிப் பேர் வழுக்குவது அங்கேதான்.)

ஆக, மின்தடை பிறப்பது ஒழுங்கு குலையும் இடங்களில்: அணு அதிர்வு, மாசு, படிகக் குறை. அதிர்வின் பங்கு உயர் வெப்பநிலையில் வெப்பநிலைக்கு நேர்விகிதத்திலும், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அதன் ஐந்தாம் அடுக்கிலும் மாறும். ஆய்வகத்தில் இந்த ஐந்தாம் அடுக்கைத் தேடினால், மாசால் எஞ்சும் மின்தடையை முதலில் கழித்துவிடுங்கள். கழிக்காமல் மடக்கை வரைபடம் போட்டால் கோடு கீழ்ப்பகுதியில் தட்டையாகி, அடுக்கு குறைவாகத் தெரியும்.

ஊசலாட்டத்துக்கு வருவோம். அதன் காலம், பிளாங்க் மாறிலியை எலக்ட்ரானின் மின்னூட்டம், மின்புலம், அணிக்கோவை இடைவெளி மூன்றின் பெருக்கலால் வகுத்தால் வரும். கம்பியில் மீட்டருக்கு 1 வோல்ட், இடைவெளி 0.25 நானோமீட்டர் என்றால் ஓர் ஊசலுக்குச் சுமார் 17 மைக்ரோவினாடி. செம்பில் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 0.025 பிக்கோவினாடிதான் (ஒரு பிக்கோவினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஓர் ஊசல் முடிவதற்குள் அறுபது கோடிக்கும் மேற்பட்ட மோதல்கள், எங்கே ஊசலாடுவது?

இடைவெளியைப் பெரிதாக்குவதே வழி. இரண்டு குறைகடத்திகளை மாறி மாறி அடுக்கி, 10 நானோமீட்டருக்கு ஒருமுறை அமைப்பு திரும்ப வருமாறு செய்து, மீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட் கொடுத்தால் காலம் 0.4 பிக்கோவினாடியாகச் சுருங்கும். மாசு குறைந்த அடுக்கைக் குளிர்வித்தால் மோதலுக்கு முன்பே ஊசல் முடிந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் பிளாக் ஊசலாட்டம் முதலில் பிடிபட்டதும் இப்படிப்பட்ட அடுக்குகளில்தான்.