அமெரிக்காவிலிருந்து ஹார்ட் டிஸ்க் வாங்கிவரச் சொல்வது லாபமா?

கடலூரில் இருக்கும் நீங்கள், அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனரிடம் 4 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிவரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே கடைகள் காட்டும் விலையில் விற்பனை வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. நம் ஊர் எம்.ஆர்.பி.யிலோ 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருப்பதால், டாலரை ரூபாயாக மாற்றி மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். (குறைந்த வரிக்காகப் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போன காலமும் 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்தது.)

என்னைக் கேட்டால், விலையைவிட வாரண்டியே பெரிது. பெட்டியின் மேலுள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு, வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று பில் போடுமுன்பே அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தனி அடாப்டர் கேட்கும் 3.5 அங்குல வகை வேண்டாம். யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும் 2.5 அங்குல வகை போதும். செருகியதும் விண்டோஸ் 3.63 டிபி என்றே காட்டும்; பெட்டியில் 1000-இன் மடங்காகவும் விண்டோஸில் 1024-இன் மடங்காகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது.