கொலையாளிக்கு இரண்டு பெயர்

கேள்வி: போருக்குப் பிந்தைய ஜப்பானிய நாவல்களில் கொரியர் வந்தாலே கொலை, அடிதடி, ரவுடித்தனம் என்றுதான் கதை போகிறது. நெருப்பில்லாமல் புகையுமா? அந்தச் சமூகத்திலேயே குற்ற மனம் அதிகம் என்று சொன்னால் தவறா?
– வாசகர், கோவை

பதில்: தவறுதான். 1923 செப்டம்பரில், காண்டோ நிலநடுக்கம் நடந்த கையோடு, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. நெருப்பில்லாமல் புகையாது என்று நம்பியவர்கள் ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றார்கள். அது வெறும் வதந்தி.

சரி, கதைகளுக்கு வருவோம். அவற்றில் முக்கியமான சிலவற்றுக்குப் பின்னால் ஒரே வழக்கு இருக்கிறது. 1958இல் டோக்கியோவின் கொமாட்சுகாவா பள்ளியில் ஒரு மாணவி கொல்லப்பட்டார். பிடிபட்டவன் 18 வயது லீ ஜின்-வூ. அதற்குச் சில மாதம் முன்பு இன்னொரு பெண்ணையும் கொன்றிருந்தான். டோக்கியோவிலேயே பிறந்து, ஜப்பானிய மொழி பேசி, கானெகோ ஷிஸுவோ என்ற ஜப்பானியப் பெயரில் வளர்ந்தவன் அவன். கொரியா ஜப்பானின் காலனியாக இருந்ததால் அங்கிருந்து வந்தவர்களுக்கு ஜப்பானியக் குடியுரிமை இருந்தது. 1952இல் போரை முடித்துவைத்த சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, அவனைப் போன்ற லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். கொரியன் என்பதால் பெரிய கம்பெனிகளில் அவனுக்கு வேலையும் கிடைக்கவில்லை. பார்க் சு-நாம் என்ற கொரியப் பெண் சிறைக்கு எழுதிய கடிதங்கள் வழியாகத்தான் கொரியப் பெயரைத் தன் பெயராக ஏற்கப் பழகினான். 1962இல் தூக்கிலிட்டார்கள்.

ஜப்பானிய எழுத்தாளர் கென்ஸாபுரோ ஓயே தன் ‘கூக்குரல்’ நாவலுக்கு இந்த வழக்கை எடுத்துக்கொண்டார். இதே வழக்கை வைத்து இயக்குநர் நகிசா ஒஷிமா 1968இல் எடுத்த ‘டெத் பை ஹேங்கிங்’ படத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். தூக்கில் போட்டும் கொரிய இளைஞன் சாகவில்லை, நினைவு மட்டும் போய்விடுகிறது. தான் யாரென்றே தெரியாதவனை மறுபடி எப்படித் தூக்கிலிடுவது? அதனால் சிறை அதிகாரிகளே அவன் வீட்டு வறுமையையும் அவன் செய்த குற்றத்தையும் நடித்துக் காட்டி, கொரியன் என்றால் எப்படி இருப்பான் என்று அவனுக்குப் பாடம் எடுக்கிறார்கள். நீங்கள் சொல்லும் ‘குற்ற மனம்’ எங்கே தயாராகிறது என்று அந்தக் காட்சிகளில் தெரியும்.

கொரியர்கள் தாங்களே எழுதியபோதும் எதையும் பூசி மெழுகவில்லை. யான் சொக்-கிலின் ‘ரத்தமும் எலும்பும்’ நாவலில், ஒசாகாவில் வாழும் கொரியத் தகப்பனின் மூர்க்கத்தை வாங்கிக்கொள்பவர்கள் அவன் பெண்டாட்டி பிள்ளைகள். அப்புறம், கசுகி கனெஷிரோவின் ‘கோ’, 2000இல் நவோகி என்ற ஜப்பானிய இலக்கியப் பரிசு பெற்ற நாவல். அதில் கத்திக்குத்துப்பட்டுச் சாகிறவன் கொரிய மாணவன், குத்துகிறவன் ஜப்பானியப் பையன். அதைப் படித்துவிட்டு ஜப்பானியர்களுக்கே குற்ற மனம் என்று எழுதுவீர்களா?

எனக்கும் இதில் ஒரு மனக்குறை உண்டு, ஆனால் அது வேறு. லீயின் தனிமையை இத்தனை அக்கறையோடு பார்த்தவர்கள், அவன் கொன்ற இரண்டு பெண்களிடம் அதிக நேரம் நிற்கவில்லை. பாகுபாடு அவனை நசுக்கியது உண்மை. அந்தப் பெண்கள் அவனுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை என்பதும் உண்மை. அந்த மாணவியின் பக்கமிருந்து எழுதப்பட்ட ஒரு நாவலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.