படித்த சட்டம் வீணாகுமா?

கேள்வி: என் மகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். நீதிமன்றத்தில் வாதாட விருப்பமில்லை, வெளியுறவு அமைச்சில் சேர்ந்து நாடுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தைகளில் ஈடுபட வேண்டும் என்கிறாள். படித்த படிப்பு வீணாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். – வாசகி, ஈசூன்

பதில்: வீணாகாது, அம்மா. பேராசிரியர் டாமி கோ 1968ல் ஐக்கிய நாட்டு நிறுவனத்திற்கான நம் நிரந்தரப் பிரதிநிதியாக அனுப்பப்பட்டபோது, சட்டம் கற்பித்துக்கொண்டிருந்த முப்பது வயது இளைஞர். கடல்களைப் பயன்படுத்தும் விதிகளை வகுக்க அந்நிறுவனம் கூட்டிய கடல் சட்ட மாநாட்டிற்குத் தலைமை வகித்துவந்த இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க 1980 இறுதியில் காலமானதை அடுத்து, அப்பொறுப்பு மறு ஆண்டு இவரிடம் வந்தது.

அம்மாநாட்டில் நமக்கு என்ன அக்கறை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கரையோர நாடுகள் தங்கள் கடல் எல்லையை 12 கடல் மைலாக விரிக்கக் கோரின. அப்படி விரித்தால் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளின் குறுகிய பகுதிகள் முழுவதுமாக அண்டை நாடுகளின் எல்லைக்குள் போய்விடும், துறைமுகத்தை நம்பி வாழும் நம் நாட்டுக்கு அது உயிர்ப்பிரச்சினை. ஆகவே, 12 மைலை ஏற்பதும் நீரிணைகளில் கப்பல்கள் தடையின்றிக் கடந்து செல்லும் உரிமையை உறுதிசெய்வதும் ஒரே உடன்பாட்டிற்குள் பிணைக்கப்பட்டன. அமெரிக்கா கேட்டதால் 1982 ஏப்ரல் 30ஆம் தேதி அந்த உடன்பாட்டின் மீது வாக்கெடுப்பு நடந்தபோது 130 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு, விலகி நின்றவை 17.

நீதிமன்றத்தில் நீதிபதியின் மனத்தை மாற்றினால் போதும். பேச்சுவார்த்தையிலோ, எதிரில் இருப்பவரே நீதிபதியும் ஆவார். தம் நாட்டு நாடாளுமன்றத்தில் எடுத்துச்சொல்லி நியாயப்படுத்த முடியாத வாசகத்தில் அவர் கையெழுத்திட மாட்டார். அவருக்கும் உகந்த சொல்லைத் தேடிக் கண்டெடுக்க, 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்ய வேண்டும்' என்பதற்கும் உள்ள தொலைவை அறிந்த சட்ட மாணவருக்கே கூடுதல் பயிற்சி இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நீதிமன்றமும் டாமி கோவைவிட்டு விலகிவிடவில்லை. பெட்ரா பிராங்கா தீவு யாருக்கு உரியது என்று நமக்கும் மலேசியாவுக்கும் இருந்த விவகாரம் பேச்சில் தீராமல், இரு நாடுகளின் இணக்கத்தோடு ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்திற்குச் சென்றபோது, டாமி கோவும், முன்னாள் சட்டப் பேராசிரியரான எஸ். ஜெயகுமாரும் 2007ல் அங்கு வாதாடினார்கள். மறு ஆண்டு மே மாதம் அத்தீவு நமக்கே உரியது எனத் தீர்ப்பானது.

உங்கள் மகளிடம் ரீனா லீயைப் பற்றியும் சொல்லுங்கள். அரசாங்கச் சட்ட அதிகாரியாகப் பணியாற்றிய அவர், ஆழ்கடல் பல்லுயிர் பாதுகாப்பு உடன்படிக்கைக்கான மாநாட்டிற்குத் தலைமை தாங்கி, 2023 மார்ச்சில் நாடுகளை இணக்கத்திற்குக் கொண்டுவந்தார். வெளியுறவு அமைச்சைப் போலவே தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகமும் இப்பணிக்கு ஒரு வாசல் என்பதால், அனைத்துலகச் சட்டப் பாடங்களை உங்கள் மகள் இப்போதே விரும்பித் தேர்ந்தெடுக்கட்டும்.