பையில் மேஷ்: 1.050-க்கு 1.038 வந்தால்

வீட்டில் பீர் காய்ச்ச மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) பையில் போட்டு வெந்நீரில் ஊறவைத்து மேஷ் செய்தபோது, வோர்ட்டின் (அதில் இறங்கும் இனிப்புச் சாறு) அடர்த்தி 1.050 எதிர்பார்த்து 1.038தான் வந்தது, ஸ்பார்ஜ் (மால்ட்டில் தங்கிய சர்க்கரையை வெந்நீரில் அலசி எடுப்பது) செய்யாததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு அதுவும்தான், ஆனால் என் சந்தேகம் முதலில் மால்ட்டை அரைத்த பதத்தின் மேல். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், முழு மணிகள் கண்ணில் பட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றி அலசினாலும் பயனில்லை. பை இருப்பதால் இன்னும் பொடியாகவே அரைக்கலாம். 66 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நடுநடுவே அடிவரை கிளறுங்கள், இல்லாவிட்டால் மாவுக்கட்டி உள்ளே உலர்ந்தே கிடக்கும்.

அப்புறம் ஸ்பார்ஜ். மொத்தத் தண்ணீரில் கால் பங்கை முதலிலேயே ஒதுக்கி, வேறு பாத்திரத்தில் 75 டிகிரிக்குச் சூடாக்கி, பையை அதில் முக்கிப் பத்து நிமிடம் அலசி, அதையும் வோர்ட்டில் சேர்த்துவிடுங்கள். பையைப் பிழிந்தால் துவர்க்கும் என்பார்கள், அதையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள், நன்றாகவே பிழியலாம்.

ஆமாம், அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரைச் சூடான வோர்ட்டிலா போட்டீர்கள்? அப்படியென்றால் அளவு குறைத்துத்தான் காட்டும், 20 டிகிரிக்கு ஆறவிட்டுப் பாருங்கள்.